மாத்திரை கிடைக்கிறது, வீடு கிடைப்பதில்லை



சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாத மாலைத் திருப்பலி முடிந்தபின், ஒரு பெண் தம் இரண்டு பிள்ளைகளோடு பங்கு அலுவலகத் திண்ணையில் காத்திருந்தார். பண உதவி கேட்க வந்திருப்பார் என்றே நாம் எண்ணினோம். அவர் கேட்டது வேறு. "சாமி, காசு ஒண்ணும் வேண்டாம். இது நல்ல குடும்பம், நம்பி வீடு குடுக்கலாம்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க" என்றார். பதினோரு மாதங்களில் அவர் வீடு தேடி அலைவது அது மூன்றாவது முறை.

கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு, பிள்ளைகள் இருவருக்கும் இல்லை. துணி தைக்கும் கூடம் ஒன்றில் பீஸ் கணக்கில் கூலி. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தார், உடம்பில் ஒரு குறையும் இல்லை. முதல் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்றார். இரண்டாமவர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். கல்யாணமும் நடக்கவில்லை, வீடும் இடிக்கப்படவில்லை. யாரும் நோயின் பெயரை வாயால் சொல்லவில்லை. "சொல்லித் திட்டியிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன் சாமி" என்றார் அந்தத் தாய்.

எய்ட்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய காலத்துப் படங்களே. எலும்பும் தோலுமான உடல், மருத்துவமனை வராந்தா, எச்சரிக்கைப் பலகை. அந்தக் காலம் பொய்யல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு, நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், ஏழைகளுக்கு இந்நோய் என்றால் மரணம் என்றே பொருள். ஓர் ஆளுக்கு ஓராண்டு மருந்து பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்ற காலம் அது. 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா அதே கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. 2004 ஏப்ரல் முதல் நாள் நடுவண் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அந்தத் தொடக்க மையங்களுள் ஒன்று.

அப்போது நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை, அதாவது சி.டி.4, மிகவும் குறைந்தவர்களுக்கே மருந்து கொடுத்தார்கள். 2017 முதல் தொற்று உறுதியான அன்றே மருந்து தொடங்கலாம் என்று விதி மாறியது. இப்போது பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. அதை விடாமல் எடுத்துக்கொண்டால் இரத்தத்தில் வைரஸின் அளவு கருவிக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகக்கூடத் தொற்று பரவுவதில்லை என்பதை 2011 முதல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, ஒரே தட்டில் சாப்பிடுவது ஆகியவற்றால் இது ஒருநாளும் பரவியதில்லை. மருந்து கண்டுபிடிப்பதற்கு முன்பும் பரவியதில்லை.

ஆக, நம் நாட்டில் எச்.ஐ.வி.யுடன் வாழும் சுமார் 25 லட்சம் பேரில் பெரும்பாலோர் இன்று நம்மைப் போலவே வேலைக்குப் போகிறார்கள், வரிசையில் நின்று அரிசி வாங்குகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களில் ஏழைகளாய் இருப்போருக்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த மாத்திரையை எங்கே வைப்பது?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். அந்தத் தாய் நம்மிடம் சொன்னதைக் கேட்டபின் நமக்கு அது சிறியதாகத் தோன்றவில்லை. மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியுள்ள தாளை அவர் முதலில் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவாராம். எடுக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்காமலிருக்க உள்ளே பஞ்சை அடைப்பாராம். பிறகு அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாராம். காலி டப்பாவைத் தெருக் குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பையில் வைத்து, ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாளில் பேருந்து நிலையத்தில் போட்டுவிட்டு வருவாராம். சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருக்கும்போது, எல்லோரும் தூங்கிய பிறகுதான் மாத்திரை. பலர் படுத்திருக்கும் ஒற்றை அறையில் எல்லோரும் எப்போது தூங்குவார்கள்? சில இரவுகள் அது நடக்காமலே விடிந்துவிடும்.

தவறிய நாள்கள் சேர்ந்தால் வைரஸ் மீண்டும் பெருகுகிறது. சில வேளை அந்த மருந்துக்கே கட்டுப்படாத வகையாக மாறிவிடுகிறது. பிறகு அடுத்த நிலை மருந்து, அதற்குப் பெரிய மருத்துவமனை, அதற்குத் தொலைதூரப் பயணம். காற்றோட்டம் இல்லாத நெருக்கடியான அறையில் காசநோய் எளிதாகப் பரவும், எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் இன்றும் முதலிடம் அந்தக் காசநோய்க்குத்தான். வீடு மாறினால் பிள்ளையின் பள்ளி மாறுகிறது, ரேஷன் கடை மாறுகிறது, மருந்து மையத்துக்கான தூரம் மாறுகிறது. மையத்துக்குப் போகிற நாளில் பீஸ் கூலி இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக முன்பணம் வேறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற சொல்லுக்குள் எத்தனை மாத வாடகை நுழைந்துகொள்ளும் என்பது வாடகைக்குக் குடியிருப்போருக்குத் தெரியும். இந்தத் தாய்க்கு மிஞ்சியிருந்த கம்மல் முதல் வீட்டு முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

வீடு என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை முதலில் உணர்ந்தவர்கள், இந்நோய் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்காவில் இருந்தார்கள். நோய் பற்றிய முதல் அறிக்கை அங்கே 1981இல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே நோயாளிகள் வீட்டை இழந்து தெருவுக்கு வருவது பெரிய துயரமாயிற்று. 1985 கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள், புனித அன்னை தெரேசா நியூயார்க்கில் இவர்களுக்கென ஓர் இல்லத்தைத் திறந்தார். அது அதற்கு முன் ஒரு பங்குத்தந்தை இல்லமாக இருந்த கட்டடம் என்பதை நாம் சற்றே நெளிந்தபடிதான் நினைவுகூர வேண்டியிருக்கிறது. சிங் சிங் சிறையில் இருந்த நோயாளிக் கைதிகள் மூவர் அந்த இல்லத்துக்கு முதலில் வந்தவர்களுள் இருந்தனர். அன்றைக்கு மருந்து இல்லை. அன்னை கொடுத்தது சாவதற்கு ஒரு படுக்கை. அதுவே அன்று பெரிய காரியம்.

பிறகு அரசும் முன்வந்தது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் எச்.ஐ.வி. உள்ள ஏழைகளின் வீட்டு வசதிக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. நீண்டகால வாடகை உதவி பெறுபவர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மட்டும் வாடகையாகக் கட்டுவார், மீதியைத் திட்டம் ஏற்கும். வீட்டோடு மனநல ஆலோசனை, வேலைத் தேடல், மருத்துவமனைத் தொடர்பு ஆகியவையும் உண்டு. இதனால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு சிகாகோவில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ள, வீடற்ற 105 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நிலையான வீடும் அதோடு ஒரு துணைப் பணியாளரும், மற்றக் குழுவுக்கு வழக்கமான உதவி மட்டும். ஓராண்டு கழித்து, உயிரோடும் சிதையாத நோய் எதிர்ப்பு ஆற்றலோடும் இருந்தவர்கள் வீடு பெற்ற குழுவில் 55 சதவீதம், மற்றதில் 34 சதவீதம்.

நம் நாட்டில் இது வேறு வழியில் நடந்தது. இங்கே அருட்சகோதரிகளும் பிற தொண்டு அமைப்புகளும் நடத்திய சமூகப் பராமரிப்பு மையங்களை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். சில படுக்கைகள், ஒரு செவிலியர், ஒரு ஆலோசகர். மருந்து தொடங்குபவர் சில நாள் தங்கிப் பழகிக்கொள்ளலாம். வீட்டில் விரட்டப்பட்டவரும் வந்து படுத்துக்கொள்ளலாம். அது விதியில் இல்லை, ஆனால் சகோதரிகள் எந்த விதியைப் பார்த்தார்கள்? 2013இல் இம்மையங்களுக்கான அரசுத் திட்ட நிதி நின்றது. படுக்கை இல்லாத ஆதரவு மையங்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன. மருந்து வந்துவிட்டது, ஆள் நடமாடுகிறார், இனிப் படுக்கை எதற்கு என்பது கணக்கு. மருத்துவக் கணக்காக அது பிழையில்லை. ஆனால் அந்தப் படுக்கைகளில் ஒரு பகுதி நோய்க்காக அல்லாமல் வீடில்லாமைக்காக நிரம்பியிருந்தது. அந்தத் தேவையைக் கணக்கெடுத்தவர் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு மறுப்பதையும், குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் அது தடை செய்கிறது. தொற்று உள்ளவருக்கும் அவரோடு வாழ்பவர்களுக்கும் குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு என்கிறது. கணவர் இறந்த கையோடு மாமியார் வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் பெண்களுக்கு இது பெரிய ஆயுதம். பெற்றோரை இழந்த வீட்டில், பன்னிரண்டு வயது நிரம்பி, பொறுப்பாய்க் குடும்பத்தை நடத்தும் பக்குவமுள்ள அக்காவோ அண்ணனோ தம்பி தங்கையருக்குக் காப்பாளராகச் செயல்படவும் அது இடம் தருகிறது. முறையீட்டுக்கு மாநில அளவில் குறைதீர்ப்பாளரும் உண்டு. ஆயினும் மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொல்பவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? முறையீடு செய்தால் தன் நிலை தெருவுக்கே தெரிந்துவிடுமே என்று அஞ்சும் பெண் எப்படி மனு எழுதுவார்? அரசின் வீடு கட்டும் திட்டங்கள் பலவற்றுக்குச் சொந்த மனையும் பட்டாவும் வேண்டும். பட்டா மாமனார் பெயரில் இருக்கும்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். எண்ணெயும் இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டியதில்தான் நம் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும். லூக்கா அதோடு நிறுத்தவில்லை. அடிபட்டவரை அவர் ஒரு சாவடிக்குக் கொண்டுபோகிறார், இரவெல்லாம் உடனிருக்கிறார், மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார், திரும்பி வரும்போது மீதிச் செலவையும் ஏற்பதாகச் சொல்கிறார். ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. காயத்துக்கு மருந்து, தங்க இடம், அதன்பின் தொடர் கவனிப்பு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட அந்த வரிசையில் முதலாவதை அரசு செய்துவிட்டது. இந்திய ஆயர் பேரவை 2005இல் வெளியிட்ட எச்.ஐ.வி. பற்றிய கொள்கை அறிக்கை நம் நிறுவனங்கள் யாவும் இவர்களை ஏற்றுப் பராமரிக்க வேண்டும் என்கிறது. அறிக்கை நம் அலமாரியிலும் இருந்தது.

இனி நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தாய் கேட்ட கடிதத்தை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டோம். பிறகுதான் அவர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். இரண்டாவது வீட்டுக்காரருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று அவருக்குத் தெரியும். ஓராண்டுக்கு முன் நம் பங்கின் ஏழையர் உதவிக் குழுவிடமிருந்து பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி பெற்றிருந்தார். குழுவின் பேரேட்டில் பெயர், தொகை, காரணம் என்று மூன்று பத்திகள். காரணம் என்ற பத்தியில் "கணவர் மரணம், எச்.ஐ.வி." என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் நல்லவர். கணக்கைச் சரியாக எழுத வேண்டும் என்ற எண்ணம் தவிர வேறொன்றும் அவருக்கு இல்லை. அதற்குக் கீழே கையொப்பமிட்டது நாம். மாதக் கூட்டத்தில் பேரேடு கை மாறி மாறிப் போகும். அதில் ஒருவருக்கு அந்த வீட்டுக்காரர் உறவு.

நம்பிக்கையின் பேரில் ஒருவர் சொன்ன எச்.ஐ.வி. நிலையை, அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இன்றிப் பிறருக்கு வெளிப்படுத்தக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியத்தைக் காப்பதில் நாம் எவ்வளவு கவனமாய் இருக்கிறோம்! அலுவலக மேசையில் வைத்துச் சொன்னதை அப்படிக் காக்கத் தோன்றவில்லை. அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. அதனால் நம் பாரம் குறைந்துவிடவில்லை.

கோவிலுக்குப் பின்புறம் உபதேசியார் வீடு பூட்டிக் கிடந்தது. ஓர் அறை, சமையலிடம், தனிக் கழிப்பறை. அன்றே சாவியைக் கொடுத்திருக்கலாம். காரணம் சொல்லாமல் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு என்று பங்குப்பேரவையில் வைத்தோம். கோவில் சொத்து என்றார் ஒருவர். வாடகை கூட்டி வாங்கலாமே என்றார் இன்னொருவர். யாருக்கென்று தெரியாமல் எப்படி என்றார்கள். சிலருக்குத் தெரிந்தே இருந்தது என்பது முகங்களில் தெரிந்தது. பக்கத்தில் பள்ளி இருக்கிறதே என்ற பேச்சும் எழுந்தது. ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் எழுந்தார். "முப்பது வருஷம் இவங்களுக்கு ஊசி போட்ட கைதான் இது. போன கெபித் திருவிழாவுக்கு உங்க எல்லாருக்கும் பாயசம் ஊத்தினதும் இதே கைதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் யாரும் பள்ளியைப் பற்றிப் பேசவில்லை. இத்தனையும் முடிந்து தீர்மானம் எழுத ஆறு வாரம் ஆனது.

அந்த ஆறு வாரமும் அவர் பிள்ளைகளோடு தம் தங்கை வீட்டு நடையில் படுத்திருந்தார். மழைக்காலம். தங்கைக்கு அவருடைய நிலை தெரியாது. அந்நாள்களில் பதினாறு இரவுகள் மாத்திரையைத் தவறவிட்டதாகப் பிறகு சொன்னார். அடுத்த பரிசோதனையில் வைரஸ் அளவு ஏறியிருந்தது. வீடு கிடைத்து, மருந்து மீண்டும் ஒழுங்கானபின் அது இறங்கியது, இறைவனுக்கு நன்றி. இறங்காமலும் போயிருக்கலாம்.

அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டவற்றையும் சொல்லிவிடுகிறோம், வேறு பங்குகளுக்கு உதவலாம். இவர்களுக்கென்று தனி இல்லம் கட்டிப் பெயர்ப்பலகை மாட்டுவதைவிட, ஊருக்கு நடுவே சாதாரண வாடகை வீடுகளில் முன்பணத்தைப் பங்கு ஏற்பது நல்லது. பலகை மாட்டிய இல்லத்திலிருந்து வரும் பிள்ளையைப் பள்ளி முழுவதும் அறிந்துவிடும். முன்பணம் பங்கின் பெயரில் இருந்தால், வீடு மாறும்போது திரும்ப வந்து அடுத்தவருக்குப் பயன்படும். வாடகையே வேண்டாம் என்று நாம் சொன்னபோது அந்தத் தாய் மறுத்துவிட்டார். சிறு தொகையானாலும் கட்டுகிறார், இரசீது கேட்டு வாங்குகிறார். இரசீது இருந்தால் தாம் குடியிருப்பவர், அண்டியிருப்பவர் அல்லர் என்பது அவர் எண்ணம். அது சரியான எண்ணம் என்றே நமக்கும் படுகிறது. மருந்து மையத்துக்குப் போகும் நாளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அன்பியத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. எங்கே போகிறார் என்று அவர்கள் கேட்பதில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள எச்.ஐ.வி. குடும்பங்களை அந்தியோதயா திட்டத்தில் சேர்க்கலாம் என்று 2009லேயே நடுவண் அரசு அறிவுறுத்தியிருக்கிறது. இதை அறியாத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும். நம் இளையோரில் இருவர் இப்போது அதைச் செய்கிறார்கள்.

உதவிக் குழுவின் பேரேட்டில் இப்போது இரண்டே பத்திகள், பெயரும் தொகையும். காரணத்தைக் குழுத் தலைவரும் பங்குத்தந்தையும் அறிந்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். பழைய பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண்ணிட்ட பக்கம். அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறோம்.

உபதேசியார் வீட்டை ஒட்டி, பழைய தையல் வகுப்பு நடந்த இரண்டு அறைகள் இன்னும் காலியாக உள்ளன. ஓடு மாற்ற வேண்டும், மின் இணைப்பு வேண்டும். மழைக்கு முன் முடித்தால் இன்னும் ஒரு குடும்பம் குடிவரலாம். கொத்தனாரும் தச்சரும் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் நேரில் வந்து பேசலாம். வருவது யார் என்று மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.